வல்லை வெளியின் அளவு

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்த காலத்தில், எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது ஒரே ஒரு விடயத்துக்காகத்தான். விளையாட்டின் வரைபடம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதே அது.

மருதனார்மடத்தில், சந்தைக்குப் பக்கத்தில், ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அறை இருந்தது. காலையில் வெங்காய மூட்டையும் வாழைக்குலையும் ஏற்றி இறக்கும் சத்தம் அடங்கிய பிறகுதான் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்கும். இதைத் தொடங்கியவரை நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். நாற்பதைக் கடந்தவர். வெளிநாட்டில் பல வருடம் இதே தொழில் செய்துவிட்டு, தாயாரைப் பார்க்கவென்று வந்து இங்கேயே நின்றுவிட்டவர். புரோகிராம் எழுதுகிறவள் பருத்தித்துறைப் பிள்ளை. என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். காலையில் பஸ்ஸில் வந்து கோப்பாய்ச் சந்தியில் இறங்குவாள். அங்கிருந்து என் ஸ்கூட்டியில் இருவருமாக மருதனார்மடம் போவோம்.

என் வேலை நிலம் செய்வது. மேடு, பள்ளம், காடு, தெரு, மதில், புல் எல்லாம் என் பொறுப்பு.

விளையாட்டின் கதை ஒரு மாய நாட்டில் நடந்தது. மூன்று பக்கமும் கடல். ஆட்கள் பார்க்காத நேரத்தில் பனைகள் இடம் மாறி நிற்கும். கிணறுகள் ஒன்றோடொன்று கதைக்கும். அரசியின் தூதுப் பெண் ஒருத்தி தலைநகரத்திலிருந்து வடக்கே துறைமுகத்துக்குப் போகவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய உப்பு வெளி. அந்த வெளியில்தான் நாங்கள் முட்டுப்பட்டோம்.

நான் சின்ன வரைபடத்தின் கட்சி. கோப்பாய் ஒழுங்கைகளில் வளர்ந்தவள் நான். இரண்டு பக்கமும் வேலி, ஒரு திருப்பம், ஒரு கிணறு, இன்னொரு திருப்பம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்துக்குள்ளேயே ஒரு ஆள் வழி தவறிவிடலாம். விளையாடுகிறவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் பார்க்க ஏதாவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் இருந்து பயன் இல்லை என்பது என் எண்ணம்.

அண்ணை கேட்கமாட்டார்.

“பெரிசா இருக்க வேணும். நடந்து முடியக்கூடாது” என்பார்.

“அதுக்குள்ளை என்னத்தை வைக்கிறது அண்ணை? நான் ஒராள். எவ்வளவு மரம் நடுவன்?”

“ஒண்டும் வைக்க வேண்டாம். வெறும் வெளியா விடும்.”

“வெறும் வெளியிலை ஆக்களுக்கு என்ன வேலை?”

“கடக்கிறதுதான் வேலை.”

அவர் பணம் போட்டவர், அனுபவம் உள்ளவர். அவர் சொன்னபடியே செய்தேன். எங்கும் சாம்பல் நிற மண், வெடிப்பு விட்ட தரை, இடைக்கிடை உப்புப் பூண்டு, மேலே வெள்ளை வானம், எட்டத்தில் மூடுபனி போலப் புகார். ஒலிக்குக் காற்று மட்டும்.

செய்து முடித்த பிறகு ஒரு பின்னேரம் வீட்டில் தனியாக இருந்து அதைச் சோதித்தேன். தூதுப் பெண்ணை நடக்கவிட்டேன். கொஞ்சத் தூரம் போனதும் தலைநகரத்தின் கோபுரம் பின்னால் மறைந்தது. துறைமுகம் இன்னும் தெரியவில்லை. ஏதோ யோசனையில் ஒருமுறை அவளைச் சுற்றித் திருப்பினேன். அவ்வளவுதான், எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்பது தெரியாமல் போய்விட்டது. நானே செய்த நிலம். எந்தப் பூண்டை எங்கே வைத்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லாப் பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது. திரையில் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் முதுகை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலப் பட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது, முற்றத்தில் வெயில். விளையாட்டை அணைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

அடுத்த நாள் அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

“அதுதான் வேணும். ஆனா எந்த இடத்திலை பயம் வந்தது? எவ்வளவு தூரத்திலை?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“அப்ப ஒருக்கால் நடந்து பாப்பம். வல்லை வெளிக்குப் போவம்” என்றார்.

வல்லை வெளி எல்லோரும் கடக்கிற இடம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் தெரு அதை ஊடறுத்துப் போகிறது. வீடில்லை, கடையில்லை, நிழலில்லை. காற்று பஸ்ஸின் ஒரு பக்கத்தில் பிடித்துத் தள்ளும். தெருவோரத்தில் முனியப்பர் கோயில் இருக்கிறது. அந்த வழியால் போகிற பல சாரதிகள் அங்கே நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசிக்கொண்டுதான் மேற்கொண்டு போவார்கள். எங்கள் பருத்தித்துறைப் பிள்ளை அந்த வெளியை நாளுக்கு இரண்டு முறை கடக்கிறவள். அண்ணை சொன்னதைக் கேட்டதும் அவளுடைய முகம் மாறிவிட்டது.

“பஸ்ஸிலை போறது வேறை அண்ணை. இறங்கி நடக்கிறதோ?”

“பகலிலைதானே பிள்ளை.”

“உச்சி நேரத்திலை உதுக்குள்ளை இறங்கக்கூடாது எண்டு அம்மா சொல்லுறவா.”

அண்ணை சிரித்தார். ஆனால் அவருடைய காரில் நாங்கள் போய்ச் சேர்ந்தது சரியாக உச்சி வெயிலில்தான். வழியில் காற்றுப் போன சில்லை மாற்றி வரப் பிந்திவிட்டது.

கோயிலடியில் காரை விட்டோம். ஒரு வான் வண்டியின் சாரதி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் தெருவை விட்டு வெளிக்குள் இறங்குவதைப் பார்த்து, “எங்கை போறியள்?” என்று கேட்டார். “சும்மா, ஒரு அளவு பாக்க” என்றார் அண்ணை. காணி அளக்க வந்தவர்கள் என்று அந்தச் சாரதி நினைத்திருப்பார். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணை வகுத்த ஒழுங்கு இதுதான். மூவரும் நேரே நடப்பது. யாருக்கு ‘இனிப் போதும்’ என்று படுகிறதோ அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடவேண்டும். பிறகு நின்ற இடங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்து, விளையாட்டின் வெளியை அதற்கு ஏற்ற மாதிரி அமைப்பது.

தொடக்கத்தில் கதைத்துக்கொண்டு நடந்தோம். மண் மேலே காய்ந்திருந்தது. காலை வைத்தால் பொருக்கு உடைந்து உள்ளே ஈரம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கதை நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை, காற்று வாயில் வந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தால் தெருவில் ஒரு பஸ் போவது தெரிந்தது, ஆனால் சத்தம் இல்லை. அது மிக மெதுவாகப் போவது போலவும் இருந்தது. வெயிலில் தெருவே தரையை விட்டுச் சற்று மேலே எழும்பி நின்றது.

ஒரு தனித்த முள்ளுப் பற்றையடியில் பருத்தித்துறைப் பிள்ளை நின்றுவிட்டாள்.

“எனக்குக் காணும் அக்கா.”

அவளைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் எனக்கும் அதற்கு முன்பே போதுமென்று பட்டிருந்தது. நானும் நின்றேன். அண்ணை நிற்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த மனிதரைக் கண்டோம். அண்ணைக்கு முன்னால், நல்ல தூரத்தில், ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான்தான் முதலில் கண்டேன். நான் சொல்வதற்கு முன்னரே அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, உந்தாள் எங்காலை வந்தது?”

இறால் பிடிக்கிறவராக இருக்கலாம், மாடு தேடி வந்தவராக இருக்கலாம். அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்த மண்ணில் சைக்கிள் உருளாது. எங்கள் காலே புதைந்தது. அவர் லேசாக உருட்டிக்கொண்டு போனார். பிறகு நின்றார். அண்ணை அவரை நோக்கி நடந்துபோய் அவருக்கு முன்னால் நின்றார்.

அண்ணை கதைத்தது எங்களுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை, தெரிந்தது. தலையைச் சாய்த்தார். கையை வடக்கே நீட்டினார். பெரிய ஆட்களுக்கு முன்னால் நிற்கிற மாதிரிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெயில் உச்சந்தலையில் ஏறி எனக்குத் தலை சுற்றியது.

“அண்ணை!” என்று அவள் கத்தினாள். அவர் திரும்பாமலே ஒரு கையை மட்டும் தூக்கினார்.

தெருப்பக்கமாக ஒரு லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. அந்த வெளிக்குள் இறங்கிய பிறகு தெருவிலிருந்து கேட்ட முதல் சத்தம் அது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டோம். மறுபடி பார்த்தபோது அண்ணை எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. சைக்கிளும் இல்லை. மறைந்து போக ஒரு மரம்கூட அங்கே கிடையாது.

கிட்ட வந்தபோதுதான் கவனித்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அந்த வெயிலில், அந்த மண்ணில், வெறுங்காலோடு வந்தார்.

“தூரம் காணும். திரும்புவம்” என்றார்.

“ஆரண்ணை அது?” என்று அவள் கேட்டாள்.

“ஆர்?”

“சைக்கிளோடை நிண்டவர்.”

“அது ஆள் இல்லைப் பிள்ளை. கட்டை. ஆரோ எப்பவோ நட்ட கட்டை.”

“கட்டையோடையோ இவ்வளவு நேரமும் நிண்டு கதைச்சனீங்கள்?”

அவர் செருப்பைப் போடாமலே முன்னால் நடந்தார். திரும்புகிற வழி நீண்டுகொண்டே போனது. கோயில் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் எவ்வளவு நடந்தும் அதே அளவாகத்தான் தெரிந்தது. அவள் என் கையை விடவே இல்லை. தெருவில் ஏறியதும் நேரே போய்த் திருநீற்றை அள்ளித் தனக்கும் பூசி எனக்கும் பூசினாள். அண்ணை காருக்குள் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணாமல் நெடுநேரம் இருந்தார். அன்று பின்னேரம் எனக்குக் காய்ச்சல் அடித்தது. வெயில்தான் காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் மறுபடி வேலைக்குப் போன அன்று காலை அண்ணை எனக்காகக் காத்திருந்தார்.

“அந்த வெளியைச் சின்னனாக்கும்.”

எதற்காக இவ்வளவு நாளும் சண்டை பிடித்தேனோ அது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. “எவ்வளவுக்கு?” என்று கேட்டேன்.

“பாதியாக்கிப் பாரும்.”

பாதியாக்கினேன். எங்களுக்காக விளையாடிப் பார்க்க வருகிற பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருவரை வைத்துச் சோதித்தோம். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் எங்கள் புரோகிராம் பதிவு செய்துவைக்கும். அவர்கள் போன பிறகு பருத்தித்துறைப் பிள்ளை அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, வெளி பாதி. ஆனா கடக்க எடுத்த நேரம், முழுசா இருக்கேக்கை இவை எடுத்ததிலையும் கூடுதல்.”

பிழையாக இருக்கும் என்று நினைத்து, அவர்கள் நடந்ததைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தோம். பிழை இல்லை. இருவருமே தலைநகரத்திலிருந்து நன்றாகத்தான் புறப்பட்டார்கள். நடுவெளிக்கு வந்ததும் நின்றார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் நடந்தார்கள், மறுபடி நின்றார்கள், மறுபடி திரும்பினார்கள். ஒருவன் வந்த வழியே திரும்பிப் போகவும் தொடங்கியிருந்தான். அவனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

“ஆரோ பின்னாலை வாற மாதிரிக் கிடந்தது அக்கா. நீங்கள் அதுக்குள்ளை ஆரையும் வைச்சிருக்கிறியளோ?”

நாங்கள் யாரையும் வைக்கவில்லை. இன்னும் வெட்டிச் சிறிதாக்கினேன். வேறு ஆட்களைக் கொண்டு சோதித்தோம். அதுவும் அப்படித்தான். வெட்ட வெட்ட, அதைக் கடக்கிறவர்கள் மெதுவானார்கள். ஒரு பெண்பிள்ளை நடுவில் நின்றபடியே விளையாட்டை அணைத்துவிட்டு, “நல்லாயிருக்கு, ஆனா எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். என் கணக்குகள் எல்லாம் பொய்த்துவிட்டன. நிலத்தைச் சுருக்கினால் பயமும் சுருங்கும் என்று நினைத்திருந்தேன்.

மழை தொடங்கிய மாதத்தில் ஒருநாள் கரண்ட் போய்விட்டது. கணினிகள் எல்லாம் அணைந்துவிட, மூவரும் பால் விடாத பிளேன்ரீயை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி சும்மா இருந்தோம். கீழே சந்தைக்காரர்கள் படங்குத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது அண்ணை, யாரும் கேட்காமலே, சொல்லத் தொடங்கினார்.

“நான் அந்த வெளியைச் சின்னனிலை ஒருக்கால் நடந்து கடந்தனான்.”

அவர் பிறந்தது வடமராட்சிப் பக்கம். சண்டைக்காலத்தில் ஊர் முழுவதும் கிளம்பியபோது, தாயும் தகப்பனும் அவருமாக வல்லை வெளியால் நடந்திருக்கிறார்கள். தகப்பன் சைக்கிளில் சாமான்களைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தாராம். வெளியின் நடுவில் வந்ததும் தகப்பன் திடீரென்று நின்றுவிட்டார். பட்டியில் மாட்டை அவிழ்த்துவிட மறந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“கட்டின மாடு தண்ணியில்லாமல் செத்துப்போம் எண்டார். சாமானை இறக்கி அம்மாட்டைக் குடுத்திட்டு, ‘நீங்கள் இதிலையே நில்லுங்கோ, அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன்’ எண்டு சைக்கிளைத் திருப்பினார். நாங்கள் அந்த இடத்திலையே நிண்டம். சனம் எல்லாம் எங்களைக் கடந்து போச்சுது. கடைசியாப் போன ஆக்கள் அம்மாவைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போச்சினம். நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனன். அவர் வரேல்லை.”

மழை கொஞ்சம் குறைந்தது.

“பிறகு ஊருக்குப் போனவையிட்டை அம்மா விசாரிச்சவா. ஒருத்தரும் அவரைக் காணேல்லை.”

பருத்தித்துறைப் பிள்ளைதான் கேட்டாள். எனக்கு அந்தத் துணிவு வந்திராது.

“அண்டைக்கு வெளியிலை நிண்டு என்னண்ணை கதைச்சனீங்கள்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மாட்டை அவிட்டாச்சோ எண்டு கேட்டனான்.”

“அதுக்கு?”

“கட்டை என்ன சொல்லும், பிள்ளை?” என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கரண்ட் வந்தபோது ஒருவருக்கும் வேலை செய்ய மனம் இருக்கவில்லை. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “அண்ணை, வெளியை முழுசா எடுத்துவிடுறன். தலைநகரத்தையும் துறைமுகத்தையும் ஒரு பாலத்தாலை பொருத்தலாம். ஒருத்தருக்கும் தெரியாது.”

அவர் பதில் சொல்லுமுன் அவள் குறுக்கிட்டாள்.

“எடுக்க வேண்டாம் அக்கா. நான் தினமும் போய் வாறனான். எனக்கு வெளி முழுக்கப் பயமில்லை. கோயில் தெரியும்வரைக்கும் பயமில்லை. அங்காலை வாய்க்கால் பாலம் தெரியத் தொடங்கினாப் பிறகும் பயமில்லை. மழை இருட்டிலை ரெண்டும் தெரியாமல் வாற இடத்திலைதான் கண்ணை மூடிக்கொள்ளுவன். நீங்கள் வெளியை வெட்டினியள், ஆனா கோபுரத்தையும் துறைமுகத்தையும் அந்தப் புகாருக்குள்ளை மறைச்சுத்தானே வைச்சிருக்கிறியள்?”

உண்மைதான். கணினிக்குப் பாரம் குறையட்டும் என்று, எட்ட இருப்பதையெல்லாம் நான் புகாரால் மூடியிருந்தேன். வெளியைச் சிறிதாக்கியபோது புகாரையும் கிட்டக் கொண்டுவந்திருந்தேன். அதனால் எவ்வளவு வெட்டினாலும், நடுவில் நிற்கிறவருக்கு இரண்டு கரையும் இல்லாமலே போனது.

அண்ணை எழும்பி என் திரைக்குக் கிட்ட வந்தார்.

“அண்டைக்கு எனக்கும் ரெண்டு கரையும் தெரியேல்லை” என்றார்.

அப்படித்தான் எங்கள் வரைபடத்தின் அளவு முடிவானது. வெளியின் எந்த இடத்தில் நின்றாலும், விட்டு வந்த கோபுரமோ போகவேண்டிய துறைமுகமோ, இரண்டில் ஒன்று கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியாத ஒரு துண்டு இருந்தால் அந்தத் துண்டை வெட்டுவது. அதற்காகப் புகாரை எட்டத் தள்ளினேன், துறைமுகத்தில் உயரமான ஒரு வெளிச்சவீடு கட்டினேன், கோபுரத்தையும் உயர்த்தினேன். இப்படிச் செய்ததில், நான் முன்பு வெட்டி எறிந்த நிலத்தில் பாதியைத் திரும்பச் சேர்க்க முடிந்தது. அடுத்துச் சோதித்தவர்கள் வெளியை நேரே கடந்தார்கள். இடையில் ஓரிருவர் நின்று திரும்பிப் பார்த்ததும் உண்டு. அவர்களைப் பற்றி நாங்கள் பெரிதாக ஆராயவில்லை.

விளையாட்டு வெளிவந்தது. பெரிய பேர் எடுக்கவில்லை, நட்டமும் இல்லை. வரைபடம் சிறியது என்று சிலர் குறை எழுதினார்கள். வெளி பெரியது என்று வேறு சிலர் எழுதினார்கள். இரண்டையும் படித்து அண்ணை தலையாட்டினார்.

பருத்தித்துறைப் பிள்ளை இப்போது உரும்பிராயில் ஓர் அறை எடுத்துத் தங்குகிறாள். வேலைக்குக் கிட்ட என்று காரணம் சொல்கிறாள். வீட்டுக்குப் போவது கிழமை முடிவில் மட்டும். ஒருமுறை அவளோடு நானும் போனேன். பஸ் வல்லையைக் கடக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் யன்னலால் பார்த்தேன். நாங்கள் நின்ற முள்ளுப் பற்றை தெரிந்தது. அதற்கு அப்பால் கட்டை என்று எதுவும் இல்லை. மழைத் தண்ணீர் நின்றது, அதில் சில கொக்குகள் நின்றன. மீண்டும் வரும்போதும் பார்த்தேன். அண்ணையிடம் இதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருக்கும் புதிய விளையாட்டு முழுவதும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. எத்தனை அறை வைப்பது என்பதில் மறுபடி எங்களுக்குள் சண்டை. நான் கூட்டச் சொல்கிறேன், அண்ணை குறைக்கச் சொல்கிறார். நேற்று அவர் வந்து, வீட்டின் சுவர்களில் இன்னும் இரண்டு யன்னல் திறக்கச் சொன்னார். திறந்துகொண்டிருக்கிறேன்.